எழுத்து ஓடுற நேரம்: முழுப்பேரும் அரைப்பேரும்

உக்குவளைக்கு மேலே, எங்களில் ஒருத்தரின் லயத்து வீடு. மழை விடவில்லை. பென் டிரைவில் கிடந்த ‘நாடோடி மன்னன்’ படத்தை டிவியில் போட்டோம். வழக்கம்போலத் தொடக்கத்தை ஓட்டிவிட ரிமோட்டைத் தூக்கினோம். மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாயி சத்தம் போட்டார். “எழுத்து ஓடட்டும், விடு. எழுத்து ஓடாம அது என்னா படம்?”

விட்டோம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கொடியை உயர்த்திப் பிடித்து நிற்கிற சின்னம் வந்தது. பிறகு பேர் பேராக வந்தது. அம்மாயிக்கு வாசிக்க வராது என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தோம். “இந்தா பானுமதி” என்றார். “இது வீரப்பா” என்றார். அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கவில்லை. அந்தப் பேர்களின் உருவம் அவருக்குப் பழக்கம், அவ்வளவுதான். தெருவில் தெரிந்த ஆளைத் தூரத்திலேயே நடையை வைத்துக் கண்டுபிடிப்போமே, அதுமாதிரி.

அன்றைக்குத் தொடங்கிய பேச்சுதான் இந்தக் கட்டுரை. சினிமாவின் தொடக்கத்தில் ஓடுகிற அந்த எழுத்து என்ன வேலை செய்கிறது? யார் பேர் அதில் வந்தது, யார் பேர் வரவில்லை? மாத்தளையில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது கேள்வி கொஞ்சம் கனமாகிவிடுகிறது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறோம்.

முதலில் அந்தச் சொல். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் யாரும் ‘டைட்டில்’ என்று சொல்வதில்லை. ‘எழுத்து’ என்பார்கள். தியேட்டர் வாசலில் பிந்தி வந்தவர் கேட்கிற கேள்வி, “எழுத்துப் போட்டாச்சா?” விளம்பரம் போனால் பரவாயில்லை, எழுத்துத் தவறக்கூடாது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு நடந்து, பிறகு பஸ் பிடித்து வந்தவர்களுக்குப் படம் தொடங்குவது கதையில் இல்லை, எழுத்தில்.

இப்படி எல்லா ஊரிலும் இருக்கவில்லை. அமெரிக்காவில் ரொம்ப நாள் வரைக்கும் எழுத்து ஒரு சடங்கு மட்டும்தான். விளக்கு அணைவதற்கும் ஆட்கள் இருக்கையைத் தேடுவதற்குமான நேரம் அது. திரைச்சீலை மூடியிருக்கும்போதே ஆப்பரேட்டர் எழுத்தை ஓட்டிவிடுவாராம். பேர்கள் சீலையின் மடிப்பில் விழுந்து போகும். 1955ல் ஓட்டோ பிரெமிஞ்சர் எடுத்த ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்தின் பெட்டிகளில் ஒரு குறிப்பு ஒட்டி அனுப்பியதாகச் சொல்வார்கள்: எழுத்துக்கு முன்னாலேயே சீலையை விலக்கவும். ஏனென்றால் சோல் பாஸ் என்ற வடிவமைப்பாளர் அந்த எழுத்தையே படத்தின் முதல் காட்சியாக ஆக்கியிருந்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் வரும், நகரும், கடைசியில் ஒரு வளைந்து முறிந்த கையாக மாறும். போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவனின் கதை அது. ஒரு நடிகர் முகம்கூடத் தெரிவதற்கு முன்னாலேயே படம் எதைப் பற்றியது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். 1960ல் ‘சைக்கோ’வில் அதே பாஸ், பேர்களையே கோடு கோடாக வெட்டிப் பிரித்தார். கத்தி பின்னால் வருகிறது, வெட்டு முன்னாலேயே வந்துவிட்டது.

சினிமாப் புத்தகங்கள் எழுத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் இங்கேயிருந்துதான் தொடங்கும். வடிவமைப்பின் வரலாறு என்றால் அது சரி. ஆனால் தமிழ்ப் படங்களில் எழுத்தின் கதை வடிவத்தால் மட்டும் ஓடவில்லை. பேரால் ஓடியது.

அட்டையிலோ கண்ணாடியிலோ கையால் எழுதிய பேர்களை ஒவ்வொன்றாகக் கெமராவுக்கு முன்னால் வைத்துப் பிடிப்பதுதான் பழைய முறை. பின்னணியில் ஒரு ஓவியம், மேலே இசைக்குழுவின் முழக்கம். அதற்கு முன்னால் கம்பனிச் சின்னம். ஜெமினியின் இரண்டு பிள்ளைகள் ஊதுகொம்பு ஊதினால் கொட்டகைக்கே தெரியும், வாசன் படம் என்று. நாங்கள் பார்த்த ‘நாடோடி மன்னன்’ 1958ல் வந்தது. எம்.ஜி.ஆர். முதல் தடவை இயக்கிய படம், சொந்தக் கம்பனி. அந்த ஆணும் பெண்ணும் பிடித்திருப்பது தி.மு.க. கொடி. அந்தக் கட்சி ஆட்சிக்கு வர இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. சுவரொட்டியில் சொல்ல வேண்டியதை எழுத்து ஓடுகிற நேரத்தில் சொல்லிவிட்டார்கள். வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்த எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர் என்பது நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய முதல் படம் 1936ல் வந்த ‘சதி லீலாவதி’ என்பதும் பலருக்குத் தெரியும். அந்தப் படத்தின் நாயகன் சென்னையிலிருந்து தப்பி ஓடி வந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கே தெரியாது, இதை எழுதத் தேடும்போதுதான் கிடைத்தது. மலையகத்துத் தோட்டம் தமிழ் சினிமாக் கதைக்குள் அவ்வளவு சீக்கிரமே வந்திருக்கிறது. படத்தின் பிரதி இன்றைக்கு இல்லை. எழுத்தும் அதோடு போய்விட்டது. எம்.ஜி.ஆர். அப்போது சின்ன வேஷக்காரர். அவருடைய தொடக்க காலப் படங்களில் பேர்கூட ‘ராம்சந்தர்’ என்று வரும். ராமச்சந்திரன் என்று இன்னொரு நடிகர் இருந்தார்.

இனிமேல்தான் ‘பேர்’ என்ற சொல்லுக்கு வர வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். மலையகத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் உங்கள் பேருக்கு நேரே ஒரு நாள் விழுந்தால் அது ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்கவில்லை என்றால் அரைப்பேர். “இன்னிக்கு அரைப்பேர்தான் போட்டாங்க” என்று ஒரு அம்மா சொன்னால் அவருக்குப் பாதிக் கூலி வெட்டு என்று அர்த்தம். அவருடைய பேரையே பாதியாக வெட்டியமாதிரி இருக்கிறது பாருங்க. இந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, இதைவிடச் சரியான சொல்லை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் கணக்கில் பார்த்தால், 1947ல் வந்த ‘ராஜகுமாரி’யில் மு. கருணாநிதிக்குக் கிடைத்தது அரைப்பேர். வசனம் ஏ.எஸ்.ஏ. சாமி என்று போட்டு, உதவி என்று இவர் பேர் வந்தது. அடுத்த வருஷம் ‘அபிமன்யு’. அதற்கும் வசனம் எழுதினார். எழுத்தில் பேரே இல்லை. நாலு வருஷம் கழித்து ‘பராசக்தி’ வந்தபோது, வசனம் யார் என்று கேட்டுவிட்டு ஜனங்கள் படத்துக்குப் போனார்கள். வெறும் பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று படங்களும் போதும். எழுத்தில் பேர் வருவது அடுத்த வேலைக்கான சிட்டை. அது வராவிட்டால் செய்த வேலையும் செய்யாத வேலைதான்.

நம்ம நாட்டுக்கு வருவோம். முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொரொந்துவ’ 1947 ஜனவரியில் திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், ஒரு தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரைப் பக்கத்து ஸ்டூடியோவில். அதிலிருந்து கிட்டத்தட்டப் பத்து வருஷம், சிங்களப் படம் என்றால் தென்னிந்திய ஸ்டூடியோவில் எடுத்துக் கப்பலில் வருகிற சாமான். 1956ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வைக் கிராமத்து வெயிலில் எடுத்த பிறகுதான் அது மெல்ல மாறியது. இதனால் பழைய சிங்களப் படங்களின் எழுத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கும். சிங்கள எழுத்தில் நம்ம பேர்கள். இயக்கம் ஏ.எஸ். நாகராஜன், எல்.எஸ். ராமச்சந்திரன். தயாரிப்பு கே. குணரத்தினம். இசை ஆர். முத்துசாமி, எம். ரொக்சாமி. இன்றைக்கும் சிங்கள நண்பர்கள் முணுமுணுக்கிற பல பாட்டுகளுக்கு இசை போட்டது இந்தச் சாமிகள்தான். ஒரு தேசிய சினிமாவின் பிறப்புச் சான்றிதழில் இவ்வளவு தமிழ்ப் பேர் இருக்கிறது. 1983 ஜூலையில் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். இயக்குனர் கே. வெங்கட்டைக் கொன்றார்கள். உள்ளே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. சுருள் எரிந்தால் முதலில் எரிவது அதன் தொடக்கம். பேர்கள் இருக்கிற இடம்.

இலங்கைத் தமிழ்ப் படங்களின் பாடு இதைவிட மோசம். 1963ல் கிருஷ்ணகுமார் ‘தோட்டக்காரி’யை எடுத்தார். பேரைப் பார்த்தாலே தெரியும், தோட்டத்துக் கதை. 1975ல் வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ எடுத்தார், அதுவும் மலையகம். ‘நான் உங்கள் தோழன்’, ‘நாடு போற்ற வாழ்க’ என்று பிறகும் தொடர்ந்தார். அந்தக் காலத்தில் இந்தியப் படங்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது, அதனால் உள்ளூர்ப் படத்துக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. 1978ல் மட்டும் அரை டசின் படம் வந்தது. அதன் பிறகு அப்படி ஒரு வருஷம் வரவேயில்லை.

அந்த வரிசையில் 1980ல் ஒரு படம், ‘அவள் ஒரு ஜீவநதி’. தயாரித்தவர் மாத்தளை கார்த்திகேசு. நாடகக்காரர், நாவலாசிரியர், நம்ம ஆள். எங்களுக்கு இந்தப் படத்தில் முக்கியம் அந்தப் பேர்தான். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் என்று எழுத்தாளர்கள் ஊர்ப்பேரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது இந்த மண்ணின் வழக்கம். ஆனால் புத்தக அட்டையில் அது விரலளவு. சினிமாத் திரையில் ஊர்ப்பேர் சுவரளவு. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிகளை நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டு நடுரோட்டில் விட்டது. 1964 ஒப்பந்தம் லட்சக்கணக்கான பேரைக் கப்பலேற்ற முடிவெடுத்தது. அந்தச் சனத்தில் ஒருத்தர் தன் பேருக்கு முன்னால் ‘மாத்தளை’ என்று போடுவது சும்மா அழகுக்கு இல்லை. நான் எந்த ஊர் என்று கேட்டவனுக்குக் கொடுத்த பதில் என்றுதான் நாங்கள் அதை வாசிக்கிறோம். அவர் அப்படி நினைத்தாரா என்று சண்டைக்கு வர வேண்டாம், எங்கள் வாசிப்பு அது.

பேர் இல்லாமல் போனவர்கள் இந்த மாவட்டத்துக்கு எப்போதுமே நிறைய. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிய சனம் காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை என்று நடந்துதான் மலைக்கு வந்தது. வாந்திபேதியில் வழியில் விழுந்தவர்களின் பேர் பட்டியல் எங்கேயும் இல்லை. 1880ல் மாத்தளைக்கு ரயில் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு சினிமாக் கெமராவும் வந்தது. 1934ல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒப் சிலோன்’ உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிய படம். காசு போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. ரைட், தயாரித்த ஜோன் கிரியர்சன், குரல் கொடுத்த லயனல் வென்ட் எல்லாரையும் உலகம் தெரிந்து வைத்திருக்கிறது. 1681ல் புத்தகம் எழுதிய ரொபர்ட் நொக்ஸின் வாசகங்கள்கூடப் படத்தில் ஒலிக்கின்றன. கொழுந்து எடுக்கிற பெண்களும் படத்தில் இருக்கிறார்கள், அழகாகவும் இருக்கிறார்கள். ஒருத்தரின் பேரும் இல்லை. தேயிலைக்காக எடுத்த படத்தில் தேயிலை பறித்தவருக்கு அரைப்பேர்கூட விழவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. சிகிரியாவில் ஏறும்போது பாதையோரம் ஒரு பளபளப்பான சுவர், கண்ணாடிச் சுவர் என்பார்கள். அதற்கு மேலே அந்தப் பேர்பெற்ற பெண் ஓவியங்கள். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரைக்கும் அதைப் பார்க்க வந்தவர்கள், நான் இன்னார், இன்ன ஊர், இதைப் பார்த்தேன் என்று அந்தச் சுவரில் கவிதை கவிதையாகக் கீறி வைத்தார்கள். பரணவிதான அதில் 685ஐப் படித்து 1956ல் புத்தகமாகப் போட்டார். யோசித்துப் பாருங்க. வரைந்தவர் பேர் ஒன்றுகூடத் தெரியாது, பார்த்தவர்களின் பேர் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பார்வையாளர்களே எழுத்துப் போட்டுக்கொண்ட உலகத்தின் ஒரே படம் இதுதான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

ஒரு விஷயத்தை இடையில் விட்டுவிட்டோம். தியேட்டருக்குப் போக வழியில்லாதவர்களுக்கு எழுத்து எப்படிப் போய்ச் சேர்ந்தது? ரேடியோவில். இலங்கை வானொலியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், பாடியவர், இசை, பாட்டெழுதியவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரலில் அந்தப் பேர் வரிசையே ஒரு பாட்டு மாதிரி இருக்கும் என்று அப்பாமார் சொல்வார்கள். எங்கள் அம்மாயி படமே பார்க்காமல் கே.வி. மகாதேவனை அறிந்தது அப்படித்தான். இன்றைக்கு ஃபோனில் பாட்டுக் கேட்கிற எங்களுக்குப் பாட்டெழுதியவர் பேர் தெரிவதில்லை. தேடினால் கிடைக்கும், ஆனால் யார் தேடுகிறார்கள்?

தொண்ணூறுகளில் எழுத்து இன்னொரு பக்கம் திரும்பியது. 1992ல் ‘அண்ணாமலை’. சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், தேவா இசை. புள்ளி புள்ளியாக வந்து ‘சூப்பர் ஸ்டார்’ என்று எழுத்துக் கூடும், பிறகு ரஜினி பேர். ஜேம்ஸ் பொண்ட் படங்களின் தொடக்கத்தைப் பார்த்து வந்த யோசனை என்று இயக்குனரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தியேட்டரில் விசில் நடிகரின் முகத்துக்கு முன்னாலேயே, பேருக்கே தொடங்கிவிட்டது. பிழை சொல்லவில்லை, நாங்களும் அடித்த விசில்தான். ஆனால் ஒரு பேர் இவ்வளவு பெரிசானபோது மற்றப் பேர்கள் வெறும் இடைவெளியாகிவிட்டன. எங்களுக்கு இதைவிட இரண்டு வருஷம் முந்தி வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ தான் பிடிக்கும். நாலு பிள்ளைகள் பிறந்து பிரிந்த கதை முழுவதையும் எழுத்து ஓடும்போதே இளையராஜா ஒரு பாட்டில் முடித்துவிடுவார். ஓட்டிவிட்டால் கதையே புரியாது. சாமர்த்தியம் என்றால் அது.

ஹொலிவூட்டில் பேர்கள் மெல்லப் படத்தின் கடைசிக்குப் போய்விட்டன. 1980ல் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தின் தொடக்கத்தில் இயக்குனர் பேரைப் போடவில்லை என்று இயக்குனர் சங்கம் ஜோர்ஜ் லூகாஸுக்கு அபராதம் போட்டது. கட்டிவிட்டுச் சங்கத்திலிருந்தே விலகிவிட்டார். 2017ல் நெட்ஃபிளிக்ஸ் தொடக்கத்தைத் தாண்டிப் போக ஒரு பொத்தானே வைத்துவிட்டது. அம்மாயி சத்தம் போட்டபோது எங்கள் விரல் இருந்தது அப்படி ஒரு பொத்தானில்தான்.

இப்போது எங்கள் கதை. இந்த வருஷம் நாங்கள் ஒரு குறும்படம் எடுத்தோம். இருபது நிமிஷம், லயத்தில் தண்ணீர் வராத ஒரு நாள். எடிட்டிங் முடிந்து எழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நடித்த எங்கள் பேர் எல்லாம் இருக்கிறது. கரண்ட் கொடுத்த வீட்டுக்காரர், மூன்று நாளும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர், ஒரு காட்சியில் குடத்தோடு நடந்து போன பெண் – யார் பேரும் எங்களிடம் இல்லை. மாமா, பெரியம்மா, அக்கா என்றே மூன்று நாளும் கூப்பிட்டிருக்கிறோம். ‘சோங் ஒப் சிலோன்’ பற்றி வாய் கிழியப் பேசியது நாங்கள்தான்.

திரும்பப் போனோம். பெரியம்மாவிடம் பேர் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டார். “எந்தப் பேரு தம்பி? அடையாள அட்டையில உள்ளதா, செக்ரோல்ல உள்ளதா, வீட்டுல கூப்புடுறதா?” மூன்றும் வேறு வேறு. அட்டையில் சிங்களத்தில் எழுதித் தமிழுக்கு வந்தபோது ஒரு எழுத்து மாறிவிட்டது, அப்படியே நின்றுவிட்டது. மலையகத்தில் இது வீட்டுக்கு ஒன்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்கப்பா வச்ச பேரப் போடுங்க” என்றார்.

போட்டோம். ஒரு பேருக்கு மூன்று செக்கன் என்று கணக்கு. எடிட் செய்த தம்பி சொன்னது, அதற்கு மேல் வைத்தால் இழுக்கும் என்று. லயத்து முற்றத்தில் வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டினோம். பெரியம்மா தன் பேரை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். பாதி வாசிக்க முன்னம் அடுத்த பேர் வந்துவிட்டது. யாரோ பின்னாலிருந்து “அரைப்பேரு!” என்று கத்த, முற்றம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த நாள் ஒவ்வொரு பேரையும் ஏழு செக்கன் ஆக்கினோம். தம்பிக்கு இன்னும் கோபம்தான்.